எச்டிஎம்எல் டெஸ்டுக்குச் சொந்த மேட்சர்: பேஜில் இருப்பதைவிட இல்லாததைச் சோதிப்பதுதான் உதைக்கிறது

#1 பச்சைவிளக்கு

வணக்கம். ரெயில்ஸில் (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய ஒரு பழைய அப்ளிகேஷனைப் பராமரிக்கும் டீமில் இருக்கிறேன். பேஜ் சரியாக வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்கள் எங்களிடம் நிறைய உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரிதான்: ரெக்வெஸ்ட் அனுப்பு, திரும்பி வந்த பாடியில் இந்த ஸ்ட்ரிங் இருக்கிறதா என்று பார்.

இதில் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறோம்.

ஒரு பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. டிசைனர் ஒரு வார்த்தையைச் சுற்றி ஸ்பான் போட்டால் டெஸ்ட் உடைகிறது. ஆட்ரிபியூட் வரிசை மாறினால் உடைகிறது. உடைந்ததும் டெர்மினலில் முழு பேஜும் கொட்டுகிறது. அதில் என்ன இல்லை என்று கண்ணால் தேட வேண்டும்.

இன்னொரு பக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சாதாரண யூசருக்கு 'நீக்கு' பட்டன் தெரியக் கூடாது. அதற்கு ஒரு டெஸ்ட் வைத்திருந்தோம்: பாடியில் 'நீக்கு' என்ற சொல் இருக்கக் கூடாது. ஒருநாள் டெம்ப்ளேட்டில் அந்தச் சொல்லை 'அகற்று' என்று மாற்றினோம். அதே கமிட்டில் பட்டனைச் சுற்றியிருந்த நிபந்தனையும் தவறிப்போனது. டெஸ்ட் பச்சையாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு யூசர், தன்னுடையதல்லாத ஒரு பதிவு அழிந்துவிட்டது என்று பதறி எழுதினார். பேக்கப்பிலிருந்து மீட்டுக் கொடுத்தோம், சரி. ஆனால் அந்த மூன்று வாரமும் சிஐ (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் அமைப்பு) எங்களுக்குப் பச்சை விளக்குதான் காட்டிக்கொண்டிருந்தது.

இப்போது இந்த ஸ்ட்ரிங் சோதனைகளை எல்லாம் தூக்கிவிட்டு, ரூபியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கில் சொந்தமாக மேட்சர் (எதிர்பார்த்தது பொருந்துகிறதா என்று பார்க்கும் துண்டு) எழுதலாம் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: பயன் உண்டா? எங்கே தொடங்குவது?


#2 நூல்கண்டு

பயன் உண்டு. பெயரைக் கேட்டால் பெரிதாகத் தெரியும், உள்ளே இருப்பது சின்ன விஷயம்.

ஆர்ஸ்பெக்கைப் பொறுத்தவரை மேட்சர் என்பது இரண்டு மூன்று மெத்தட் உள்ள ஒரு ஆப்ஜெக்ட். 'மேட்சஸ்' என்று கேள்விக்குறியோடு ஒரு மெத்தட், அது உண்மையா பொய்யா என்று சொல்லும். 'ஃபெயிலியர் மெசேஜ்' என்று ஒன்று, தோற்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு. 'ஃபெயிலியர் மெசேஜ் வென் நெகேட்டட்' என்று இன்னொன்று, 'இருக்கக் கூடாது' என்று கேட்டபோது இருந்துவிட்டால் சொல்வதற்கு. கிளாஸாக எழுதலாம், அல்லது 'டிஃபைன்' பிளாக்குக்குள் சுருக்கமாக எழுதலாம். உள்ளே பாடியை, எச்டிஎம்எல்லைப் படித்துப் பிரிக்கும் நோகோகிரிக்குக் கொடுத்து, சிஎஸ்எஸ் செலக்டரால் தேடினால் முதல் மேட்சர் தயார்.

பழைய பதிவுகளைப் பார்த்து எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். எதிர்மறைச் செய்திக்கான மெத்தட்டின் பெயர் ஆர்ஸ்பெக் 1-இல் ஒன்று, 2-இல் ஒன்று, 2014-இல் வந்த 3-இல் வேறொன்று. பழைய பெயரில் எழுதினாலும் ஆர்ஸ்பெக் 3 ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது கைவிடப்பட்ட பெயர் என்று எச்சரிக்கை காட்டும்.

ஜாவாஸ்கிரிப்டின் டெஸ்ட் கருவியான ஜெஸ்டிலும் இதே எண்ணம்தான். 'எக்ஸ்பெக்ட் எக்ஸ்டெண்ட்' என்று ஒரு ஃபங்ஷனைச் சேர்க்கிறோம், அது 'பாஸ்', 'மெசேஜ்' என்று இரண்டைத் திருப்பித் தருகிறது. மெசேஜ் ஸ்ட்ரிங்காக இல்லாமல் ஃபங்ஷனாக இருக்க வேண்டும். தோற்றால் மட்டுமே அதைக் கூப்பிடுவார்கள். அதனால் செய்தியைத் தயாரிக்க எவ்வளவு வேலை செய்தாலும் பாஸ் ஆகும் டெஸ்ட்கள் மெதுவாகாது. ஜாவா பக்கம் இதற்கு ஹாம்கிரெஸ்ட் என்ற லைப்ரரி. அந்தப் பெயரே 'மேட்சர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றிப் போட்டது. அதில் பொருந்துகிறதா என்பதற்கு ஒரு மெத்தட், எதிர்பார்த்ததை விவரிக்க ஒன்று, கிடைத்தது எங்கே பிசகியது என்று விவரிக்கத் தனியாக ஒன்று. இந்த மூன்றாவதை அவர்கள் தனியாகப் பிரித்தது எனக்கு மிகவும் பிடித்தது.


#3 குறுக்குச்சால்

நான் எழுத வேண்டாம் என்பேன்.

கேபிபாரா என்ற வெப் டெஸ்ட் லைப்ரரியில் ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அதைத் தேடக்கூடிய பேஜாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது. 'ஹேவ் சிஎஸ்எஸ்', 'ஹேவ் ஃபீல்ட்', 'ஹேவ் பட்டன்' எல்லாம் தயாராக இருக்கின்றன. ரெயில்ஸிலேயே 'அசர்ட் செலக்ட்' 2007-இல் வந்த 1.2 முதல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் ஜெஸ்ட்-டாம் என்ற தொகுப்பில் பத்து இருபது மேட்சர்கள் உண்டு. இத்தனை இருக்கும்போது சொந்தமாக எழுதினால், புதிதாகச் சேருபவர் உங்கள் டீமின் தனி மொழியைக் கற்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஐம்பதுக்கு மேல் சொந்த மேட்சர்கள் இருந்தன. பாதி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொடவே பயப்படுவோம்.

வேண்டுமானால் ஒரு ஹெல்பர் மெத்தட் எழுதுங்கள். போதும்.


#4 பச்சைவிளக்கு

@குறுக்குச்சால், தயாராக இருப்பதைப் பயன்படுத்திப் பார்த்தோம். இப்போது டெஸ்ட் ஃபைல்களில் எல்லாம் "டிவ் டாட் ஃபீல்ட் என்பதற்குள் நேரடியாக ஸ்பான் டாட் எர்ரர்" என்று செலக்டர் இறைந்து கிடக்கிறது. ஸ்ட்ரிங்கோடு ஒட்டியிருந்ததை எடுத்து டிசைனோடு ஒட்டவைத்ததுபோல் ஆகிவிட்டது. ஃபார்ம் அமைப்பு மாறினால் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும்.


#5 நிலைக்கண்ணாடி

பச்சைவிளக்கு சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. இதே இடத்தில் ஒரு வருடம் நின்றிருக்கிறேன். விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேட்சரின் பெயரில் டேக் பெயர் வந்தால் அந்த மேட்சர் பெரும்பாலும் தேவையில்லை. அதற்கு 'ஹேவ் சிஎஸ்எஸ்' போதும், குறுக்குச்சால் சொல்வது அங்கே சரி. பேஜைப் பார்க்கும் மனிதர் என்ன சொல்வாரோ அது பெயராக வரும்போதுதான் சொந்தமாக எழுதுவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஃபார்மைப் பார்த்து யாரும் "ஃபீல்ட் டிவ்வுக்குள் எர்ரர் ஸ்பான் இருக்கிறது" என்று சொல்வதில்லை. "மின்னஞ்சல் கட்டத்தில் 'காலியாக விடக் கூடாது' என்று பிழை காட்டுகிறது" என்பார்கள். எங்கள் மேட்சர் அப்படியே அந்த வாக்கியம்தான்: பிழை காட்ட வேண்டும், எந்தக் கட்டத்தில், என்ன வாசகம்.

உள்ளே அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் 'மின்னஞ்சல்' என்ற வாசகம் உள்ள லேபிளைத் தேடும். லேபிளின் 'ஃபார்' ஆட்ரிபியூட்டைப் படித்து, அந்த ஐடி உள்ள இன்புட்டைப் பிடிக்கும். 'ஃபார்' இல்லை என்றால் லேபிளுக்குள்ளேயே இன்புட் இருக்கிறதா என்று பார்க்கும். அப்புறம் இன்புட்டின் 'ஏரியா-டிஸ்கிரைப்ட்பை'யைப் (கட்டத்தை விளக்கும் வாசகம் எந்த ஐடியில் என்று சொல்லும் ஆட்ரிபியூட்) படிக்கும். அது ஒரே ஐடி என்று பலர் நினைக்கிறார்கள். இடைவெளி விட்டுப் பல ஐடிகள் வரலாம், ஒன்று குறிப்புக்கு, ஒன்று பிழைக்கு. அதைப் பிரித்து, ஒவ்வொரு ஐடியிலும் உள்ள எலிமெண்டை எடுத்து, அதில் எதிர்பார்த்த வாசகம் உண்டா என்று பார்க்கும்.

ஐந்து படி. ஒவ்வொரு படியிலும் தோற்கலாம். ஹெல்பர் மெத்தட் உண்மை, பொய் என்று மட்டும் திருப்பித் தந்தால், தோற்கும்போது "ட்ரூ எதிர்பார்த்தேன், ஃபால்ஸ் கிடைத்தது" என்று வரும். ஐந்தில் எந்தப் படி என்று நாம்தான் தோண்ட வேண்டும். எங்கள் மேட்சர் தோற்றால் வருவது இது:

'மின்னஞ்சல்' கட்டத்தில் 'காலியாக விடக் கூடாது' என்ற பிழை இருக்க வேண்டும்.
லேபிள்: கிடைத்தது.
இன்புட்: கிடைத்தது, ஐடி யூசர்_இமெயில்.
ஏரியா-டிஸ்கிரைப்ட்பை: இமெயில்_குறிப்பு, இமெயில்_பிழை.
இமெயில்_குறிப்பு: 'யாருக்கும் காட்ட மாட்டோம்'.
இமெயில்_பிழை: இந்த ஐடியில் பேஜில் எதுவும் இல்லை.

கடைசி வரியைப் பாருங்கள். பிழை வாசகம் திரையில் சரியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது, ஐடியில் மட்டும் எழுத்துப் பிழை. கண்ணால் பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவருக்கு அந்தக் கட்டத்தில் பிழை இருப்பதே சொல்லப்படாது. ஸ்ட்ரிங் சோதனை இதை ஒரு நாளும் பிடித்திருக்காது. மேட்சரை மாற்றிய முதல் வாரத்தில் இப்படி ஆறு ஃபார்ம் பிடிபட்டது. அன்றிலிருந்து நான் மேட்சர் எழுதும்போது செய்தியைத்தான் முதலில் எழுதுகிறேன், தேடும் கோடு அப்புறம்.

இன்னொன்று, ரெயில்ஸ்காரர்களுக்காக. பிழை வந்த கட்டத்தை ரெயில்ஸ் தானாகவே 'ஃபீல்ட் வித் எர்ரர்ஸ்' என்ற டிவ்வால் சுற்றிவிடும், லேபிளைத் தனியாக, இன்புட்டைத் தனியாக. "லேபிளுக்கு அடுத்து நிற்கும் இன்புட்" என்ற செலக்டர் சுத்தமான ஃபார்மில் வேலை செய்யும், பிழை வந்த ஃபார்மில் செய்யாது. பிழையைச் சோதிக்கும் டெஸ்டில் போய் இது உதைத்தால் எவ்வளவு நேரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள். 'ஃபார்' வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை.


#6 குறுக்குச்சால்

@நிலைக்கண்ணாடி, அந்தச் செய்தியைப் பார்த்ததும் என் எண்ணம் கொஞ்சம் மாறியது, ஒப்புக்கொள்கிறேன். ஜெஸ்ட்-டாமில் 'அக்சஸிபிள் டிஸ்கிரிப்ஷன்' பார்க்கும் மேட்சர் இருக்கிறது என்று சொல்ல வந்தேன்; ஆனால் அது குறிப்பையும் பிழையையும் சேர்த்து ஒரே வாசகமாகத்தான் தரும், எந்த ஐடி விடுபட்டது என்று சொல்லாது.

ஆனாலும் ஒரு கேள்வி. இந்த மேட்சரை எதிர்மறையாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? "மின்னஞ்சல் கட்டத்தில் பிழை இருக்கக் கூடாது" என்று எழுதுகிறேன். லேபிளில் 'மின்னஞ்சல்' என்பது 'மின்னஞ்சல் முகவரி' என்று மாறிவிட்டது. கட்டமே கிடைக்கவில்லை. 'மேட்சஸ்' பொய் என்று சொல்லும். எதிர்மறை டெஸ்ட் பாஸ் ஆகும். பச்சைவிளக்கின் 'நீக்கு' கதையேதானே இது? சொந்த மேட்சர் எழுதியும் அதே குழியில் விழுந்தால் என்ன பயன்?


#7 நூல்கண்டு

இந்தக் கேள்விதான் இழையின் உயிர்நாடி.

ஃபிரேம்வொர்க் சும்மா விட்டால் எதிர்மறை என்பதை "நேர்மறையின் தலைகீழ்" என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து படிகளில் எது தவறினாலும் பொய், அதைத் திருப்பினால் உண்மை. நமக்கு வேண்டியது அதல்ல. "கட்டம் இருக்கிறது, அதில் பிழை இல்லை" என்பதுதான் நாம் சொல்ல வந்தது. கட்டமே இல்லாதது நேர்மறைக்கும் தோல்வி, எதிர்மறைக்கும் தோல்வி.

ஆர்ஸ்பெக்கில் இதற்கு 'டஸ் நாட் மேட்ச்' என்று கேள்விக்குறியோடு தனி மெத்தட் எழுதலாம். அது இருந்தால் எதிர்மறையில் 'மேட்சஸ்' கூப்பிடப்படாது, இதுதான் கூப்பிடப்படும். 'டிஃபைன்' வழியாக எழுதினால் 'மேட்ச் வென் நெகேட்டட்' பிளாக். அதற்குள் லேபிள், இன்புட் இரண்டும் கிடைத்த பிறகே பிழை இல்லை என்று சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பொய் சொல்லிவிட்டு, எதிர்மறைச் செய்தியில் "கட்டமே கிடைக்கவில்லை, பேஜில் உள்ள லேபிள்கள் இவை" என்று பட்டியல் கொடுங்கள். அந்தப் பட்டியலில் 'மின்னஞ்சல் முகவரி' என்று பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்.

ஜெஸ்டில் தனி மெத்தட் கிடையாது. 'திஸ் டாட் இஸ்நாட்' என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னும் எளிது, கட்டம் கிடைக்காத நிலையில் நேராக எர்ரர் எறிந்துவிடுவது. எறிந்தால் நேர்மறையோ எதிர்மறையோ டெஸ்ட் தோற்கும். ஜெஸ்டில் பலர் தவறும் இடம் இன்னொன்று: 'பாஸ்' உண்மையாக இருக்கும்போது தரும் மெசேஜ் எதிர்மறை டெஸ்ட் தோற்றால்தான் திரையில் வரும். அதனால் அதில் "இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது" என்று எழுத வேண்டும். ஒரே மெசேஜை இரண்டுக்கும் வைத்தால், எதிர்மறை தோற்கும்போது நேர் எதிரான செய்தியைப் படித்துக் குழம்புவோம்.

கேபிபாராவை பிரவுசரோடு ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கண்ணி. 'இருக்கக் கூடாது' என்று மேட்சரிடம் கேட்டால் அந்த எலிமெண்ட் மறையும்வரை அது காத்திருந்து பார்க்கும், இயல்பான வரம்பு 2 வினாடி. ஆனால் "இருக்கிறதா என்று கேட்டு, வந்த விடை பொய்யா என்று பார்" என்று எழுதினால், அது எலிமெண்ட் தோன்றுவதற்குக் காத்திருக்கத் தொடங்கும். இன்னும் மறையாமல் இருந்தால் உடனே 'இருக்கிறது' என்று சொல்லி டெஸ்ட் தோற்கும்; ஏற்கெனவே இல்லையென்றால் 2 வினாடியும் வீண். சொந்த மேட்சருக்குள் கேபிபாராவின் கேள்விகளைப் பயன்படுத்துபவர்கள் எதிர்மறைக்கு 'ஹேஸ் நோ' என்று தொடங்கும் மெத்தட்களைக் கூப்பிட வேண்டும்.


#8 தூண்டில்முள்

யாரும் பார்சர் பற்றிப் பேசவில்லையே. எனக்கு ஒரு முழு நாள் போன கதை.

டேபிளில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணும் மேட்சர் எழுதியிருந்தேன். செலக்டர் "டேபிளுக்கு நேரடிக் குழந்தையான டிஆர்". டெம்ப்ளேட்டிலும் டேபிளுக்கு உள்ளே நேராக டிஆர்தான், டிபாடி எழுதவில்லை. டெஸ்ட் பாஸ். அதே செலக்டரை பிரவுசர் கன்சோலில் போட்டால் சுழியம்.

காரணம்: எச்டிஎம்எல்5 விதிப்படி படிக்கும் எந்தப் பார்சரும் அங்கே டிபாடியைத் தானாகச் சேர்த்துவிடும். பிரவுசர் அப்படித்தான் செய்கிறது. நோகோகிரியின் வழக்கமான எச்டிஎம்எல் பார்சர் லிப்எக்ஸ்எம்எல்2 மேல் ஓடுவது. அது எச்டிஎம்எல்5-க்கு முந்திய காலத்தது, டிபாடி சேர்க்காது. 2021-இல் வந்த நோகோகிரி 1.12-இல் எச்டிஎம்எல்5 பார்சர் தனியாகச் சேர்ந்தது. அதற்கு மாற்றியதும் மேட்சர் பிரவுசரோடு ஒத்துப்போனது, பழைய டெஸ்ட்கள் சில உடைந்தன. உடைந்தவை எல்லாம் உடைய வேண்டியவைதான்.

இதே மாதிரி பத்தி டேகுக்குள் டிவ் எழுதினால் எச்டிஎம்எல்5 பார்சர் டிவ் தொடங்கும் இடத்திலேயே பத்தியை மூடிவிடும். நாம் உள்ளே இருப்பதாக நினைத்தது வெளியே, பக்கத்தில் நிற்கும். இன்னொன்று, வெறும் டிஆர் துண்டை மட்டும் எடுத்து ஜேஎஸ்டாமில் (பிரவுசர் இல்லாமல் பேஜைக் கட்டித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஒரு டிவ்வின் 'இன்னர்எச்டிஎம்எல்' ஆகப் போட்டால் டிஆர், டிடி டேக்கெல்லாம் காணாமல் போய் வாசகம் மட்டும் மிஞ்சும். டேபிள், டிபாடி சுற்றிப் போட வேண்டும். பார்ஷியல் டெம்ப்ளேட்களைச் சோதிப்பவர்கள் இதில் கண்டிப்பாகத் தடுக்கி விழுவார்கள்.

மேட்சரை யூசரின் பிரவுசர் எந்த விதியில் படிக்கிறதோ அதே விதியில் படிக்கவிடுங்கள்.


#9 கோடுநோட்டு

நான் புதிது. ஒரு சந்தேகம். என் மேட்சர் "எதிர்பார்த்தது: மொத்தம் 5, கிடைத்தது: மொத்தம் 5" என்று சொல்லித் தோற்கிறது. இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. ரூபிதான். வாசகத்தை 'ஸ்ட்ரிப்' செய்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறேன்.


#10 தூண்டில்முள்

@கோடுநோட்டு, நடுவில் உள்ள இடைவெளி அநேகமாக முறியா இடைவெளி, அதாவது டெம்ப்ளேட்டில் 'என்பிஎஸ்பி' என்று எழுதுவோமே அது. ரூபியின் ரெஜெக்ஸில் சாதாரண இடைவெளிக் குறி அதைப் பிடிக்காது, 'ஸ்ட்ரிப்'பும் தொடாது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் 'ஸ்பேஸ்' என்று எழுதும் போசிக்ஸ் வகைதான் பிடிக்கும். பேஜுக்குள் எலிமெண்டைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தின் 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' கூட அதை இடைவெளியாகக் கருதாது. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை வேறு, அங்கே சாதாரணக் குறியே பிடித்துவிடும். ஒரே டெஸ்டை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது இது அமைதியாக வேறுபடும்.

மேட்சருக்குள் இரண்டு பக்கத்தையும் ஒரே ஃபங்ஷனால் சுத்தம் செய்துவிட்டு ஒப்பிடுங்கள். தோற்றால் காட்டும்போது மட்டும் சுத்தம் செய்யாததை, மறைந்த எழுத்துகள் தெரியும்படி 'இன்ஸ்பெக்ட்' செய்து காட்டுங்கள்.


#11 நிலைக்கண்ணாடி

தமிழ் வாசகத்தை ஒப்பிடுபவர்களுக்கு அதோடு ஒன்று சேர்க்கிறேன். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது முன்னால் நிற்கும் கொம்பும் பின்னால் நிற்கும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். 'கோ'வுக்கும் 'கௌ'வுக்கும் இதே கதை. திரையில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை, ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டால் பொருந்தாது. மொழிபெயர்ப்பு ஃபைல் ஒருவர் கீபோர்டிலிருந்தும் டெஸ்ட் இன்னொருவர் கீபோர்டிலிருந்தும் வந்தால் இது நடக்கும். ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுவது ஒரு வரி வேலை. இதை ஒவ்வொரு டெஸ்டிலும் எழுத முடியாது, மேட்சருக்குள் ஒருமுறை எழுதினால் போதும். சொந்த மேட்சருக்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.


#12 குறுக்குச்சால்

கிளாஸ் பெயரை எக்ஸ்பாத்தால் தேடுபவர்களும் கவனிக்கவும். கிளாஸில் 'பட்டன்' அடங்கியிருக்கிறதா என்று கேட்டால் 'பட்டன்-குரூப்'பும் பொருந்தும். இரண்டு பக்கமும் இடைவெளி ஒட்டிவிட்டு, இடைவெளியோடு சேர்த்துத் தேட வேண்டும். முடிந்தவரை சிஎஸ்எஸ் செலக்டரே போதும், அது இதைச் சரியாகச் செய்கிறது.

அப்புறம் 'டிசேபிள்ட்'. ஆட்ரிபியூட் இருந்தாலே அந்தக் கட்டம் முடங்கிவிடும், அதன் மதிப்பு 'ஃபால்ஸ்' என்று இருந்தாலும். மதிப்பைப் படித்து 'ட்ரூ'வா என்று பார்க்கும் மேட்சரை இரண்டு புராஜெக்ட்களில் பார்த்திருக்கிறேன். முடக்கிய ஃபீல்ட்செட்டுக்குள் இருக்கும் இன்புட்டுக்கு அந்த ஆட்ரிபியூட்டே இருக்காது, ஆனாலும் அது முடங்கியதுதான். எழுதுவதானால் மேலே ஏறியும் பார்க்க வேண்டும்.

"கண்ணுக்குத் தெரிகிறதா" என்ற மேட்சரை மட்டும் பிரவுசர் இல்லாமல் எழுதாதீர்கள். ஸ்டைல்ஷீட்டில் மறைத்ததை நோகோகிரி அறியாது. ஜேஎஸ்டாமும் வெளி ஸ்டைல்ஷீட்டைத் தானாக எடுத்து வராது.


#13 நூல்கண்டு

குறுக்குச்சால் இப்போது எங்களைவிட அதிகமாக மேட்சர் பற்றி எழுதுகிறார், மகிழ்ச்சி.

மேட்சருக்கும் டெஸ்ட் எழுதுங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வரி எச்டிஎம்எல் ஸ்ட்ரிங் போதும்: பொருந்துவது ஒன்று, பொருந்தாதது ஒன்று, கட்டமே இல்லாதது ஒன்று, வெற்று ஸ்ட்ரிங் ஒன்று. நான்கையும் நேர்மறை, எதிர்மறை இரண்டிலும் ஓட்டுங்கள். ஆர்ஸ்பெக்கில் தோல்வி என்பது 'எக்ஸ்பெக்டேஷன் நாட் மெட் எர்ரர்' என்ற எக்செப்ஷன். அது எழுகிறதா, அதில் வரும் செய்தியில் நீங்கள் எழுதியது இருக்கிறதா என்று சோதிக்கலாம். வெற்று ஸ்ட்ரிங்கில் எதிர்மறை பாஸ் ஆனால் அந்த மேட்சரை மெர்ஜ் செய்யாதீர்கள். சர்வர் 500 (உள் பிழை) கொடுத்த பேஜில்கூட 'பிழை இல்லை' என்று அது பாஸ் ஆகும்.


#14 பச்சைவிளக்கு

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செய்ததை எழுதுகிறேன்.

மொத்தம் நான்கு மேட்சர்தான் எழுதினோம், ஸ்பெக் ஃபோல்டரில் சப்போர்ட்டுக்குக் கீழே. கட்டத்தில் பிழை, டேபிளில் வரி, பேஜின் தலைப்பு, அப்புறம் 'செயல்'. மற்றதற்கெல்லாம் கேபிபாராவில் இருப்பதே. ஐந்தாவது வேண்டும் என்று யாராவது வந்தால், தோற்கும்போது என்ன செய்தி வர வேண்டும் என்பதை முதலில் புல் ரிக்வெஸ்டில் எழுதச் சொல்கிறோம். அதை எழுத முடியாதபோது பெரும்பாலும் மேட்சரும் தேவைப்படவில்லை.

'செயல்' மேட்சர்தான் நான் இழையைத் தொடங்கிய காரணம். நீக்கும் பட்டனை அதன் மேலிருக்கும் சொல்லால் தேடுவதை விட்டுவிட்டோம். ரெயில்ஸில் 'பட்டன் டு' எழுதினால் ஒரு ஃபார்ம் வரும், அதில் '_மெத்தட்' என்ற மறைந்த இன்புட்டில் 'டெலீட்' என்று இருக்கும், ஃபார்மின் 'ஆக்ஷன்' அந்தப் பதிவின் முகவரியாக இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்த ஃபார்ம் இருக்கிறதா என்றுதான் மேட்சர் பார்க்கிறது. சொல்லை 'அகற்று' என்று மாற்றினாலும் ஐகானாக மாற்றினாலும் தப்ப முடியாது. எதிர்மறையில், முதலில் அந்தப் பதிவின் வரி டேபிளில் இருக்க வேண்டும். வரி இல்லையென்றால் "பதிவே பேஜில் இல்லை, பேஜின் தலைப்பு இது" என்று சொல்லித் தோற்கும்.

இதை ஓட்டிய அன்றே ஒன்று சிக்கியது. ஒரு எதிர்மறை டெஸ்ட் "பதிவே பேஜில் இல்லை, பேஜின் தலைப்பு: உள்நுழைக" என்று தோற்றது. டெஸ்டில் லாகின் செய்யவே மறந்திருக்கிறோம். எழுதிய நாள் முதல் அது லாகின் பேஜைப் பார்த்துவிட்டு 'பட்டன் இல்லை, சரி' என்று பாஸ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது.


#15 கோடுநோட்டு

என்பிஎஸ்பி தான். சரியாகிவிட்டது, நன்றி தூண்டில்முள்.

பச்சைவிளக்கு, ஒரு கேள்வி. பட்டன் தெரிந்தாலும் சர்வர் மறுத்திருக்க வேண்டாமா? அந்த யூசரால் எப்படி அழிக்க முடிந்தது?


#16 பச்சைவிளக்கு

சரியான கேள்வி. சர்வர் மறுக்கவில்லை, கன்ட்ரோலரில் அனுமதிச் சோதனையே இல்லை, பட்டனை மறைத்ததுதான் ஒரே காவலாக இருந்திருக்கிறது. அதையும் சேர்த்துவிட்டோம். இப்போது சாதாரண யூசராக லாகின் செய்து, டெலீட் ரெக்வெஸ்டை நேராக அனுப்பி, 403 (அனுமதி இல்லை) வருகிறதா, பதிவு அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் தனியாக இருக்கிறது. அதற்கு எச்டிஎம்எல் மேட்சர் எதுவும் தேவைப்படவில்லை.